குழந்தை யாரைக் கூப்பிட்டது?

ஆணையத்தின் கடைசி அமர்வு நடக்கவிருந்த காலையில், எங்கள் வீட்டு மேனேஜர் என் செருப்பில் ஒன்றை எடுத்துக் குளியலறை வாளியில் போட்டுவிட்டாள்.

மேனேஜருக்கு இரண்டு வயது. யார் எங்கே உட்கார வேண்டும், எந்த ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் அவள்தான் முடிவு செய்வாள் என்பதால் அந்தப் பெயர். கீழ்த்தளத்தில் இருக்கும் என் நாத்தனார் வளர்க்கும் குழந்தை. பெற்றவர்களோடு இருக்க முடியாத குழந்தைகளுக்கு நிரந்தரமாக ஒரு குடும்பம் கிடைக்கும்வரை தன் வீட்டில் வைத்து வளர்த்துக் கொடுப்பவர் நாத்தனார். குழந்தைகள் நலத்துறை கொண்டுவந்து விடும், அதே துறை வந்து அழைத்துப் போகும். நடுவில் உள்ளதெல்லாம் நாத்தனார் பாடு.

சொட்டச் சொட்டச் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து நாத்தனார் கேட்டார். "என்னடி, இன்னைக்காவது உன் வாயால நல்ல சேதி வருமா?"

"வரும் அண்ணி. இன்னைக்கு ஒரு கை பார்த்துடறேன்."

"போன தடவையும் இதையேதான் சொன்னே."

"போன தடவை கையில ஒண்ணுமில்ல. இப்ப வீடியோ இருக்கு, கணக்கு இருக்கு, என் வாயும் இருக்கு."

"அது என்னைக்குமே இருக்கு" என்று சொல்லிவிட்டு மேனேஜரின் தலையைச் சீவத் தொடங்கினார். சீப்பு பாதி வழியில் நின்றது. "அடுத்த வாரம் கூட்டிட்டுப் போறாங்க. இந்தத் தடவையும் பழையபடிதான்னா, இவதான் கடைசி. இனிமே என்னால ஆகாது. சொல்லிட்டேன்."

நாத்தனார் மிரட்டுகிற ஆள் இல்லை. சொன்னால் சொன்னதுதான்.

பழையபடி என்றால் ஆறு மாத விதி. அதை வைத்துக்கொள்வதா நீக்குவதா என்றுதான் ஆணையம் விசாரித்துக்கொண்டிருந்தது. குழந்தையைப் புதுக் குடும்பத்திடம் ஒப்படைத்த பிறகு ஆறு மாதத்துக்கு வளர்த்தவர் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது, போனிலும் பேசக் கூடாது. பழைய முகம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் குழந்தை புது வீட்டில் ஒட்டாது என்பது துறையின் எண்ணம். பெரியவர்களுக்கு ஆறு மாதம் என்பது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். இரண்டு வயதுக்காரிக்கு அது ஆயுளில் கால்வாசி. நேற்றுவரை சோறு ஊட்டியவர் இன்று காலையிலிருந்து இந்த உலகத்திலேயே இல்லை என்றால் அவள் என்ன நினைப்பாள்? எனக்கு அதை யோசித்தாலே பற்றிக்கொண்டு வரும்.

நான் வளர்ச்சி உளவியல் படித்தவள். இதைச் சொன்னால் கல்யாண வீடுகளில் பாதிப்பேர் என் கண்ணைப் பார்ப்பதைத் தவிர்ப்பார்கள், மனதைப் படித்துவிடுவேனாம். மீதிப்பேர் சாப்பிடாத பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து வருவார்கள். தொடக்கத்தில் நானும் ஒரு மருத்துவமனையில் உட்கார்ந்து குழந்தைகளைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு குழந்தையாகத் தேற்றி அனுப்புவேன். அதற்குள் அதே விதி இன்னும் நான்கு பேரை என் அறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும். குழந்தைகள் மேல் தவறு இல்லை, விதியின் மேல்தான் என்று புரிந்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் வேலையை விட்டுத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவுக்கு வந்தேன். சம்பளம் குறைந்தது. என் வீட்டுக்காரர் இன்றும் வாரம் ஒருமுறை அதைப் பற்றிப் பெருமூச்சு விடுவார்.

ஆராய்ச்சி இதுதான். சில ஊர்களில் மட்டும் விதியைத் தளர்த்த அனுமதி வாங்கினோம். அங்கே வளர்த்தவர்கள் வாரம் ஒரு தடவை புது வீட்டுக்குப் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வரலாம். மற்ற ஊர்களில் பழைய விதி. மூன்று மாதம் கழித்து இரண்டு பக்கக் குழந்தைகளையும் எங்கள் அறைக்கு அழைப்போம். தரையில் விரிப்பு, ஒரு நாற்காலி, மரக்கட்டைகள், ஒரு கரடிப் பொம்மை, மூலையில் கேமரா. புது அம்மாவும் குழந்தையும் விளையாடுவார்கள். நாங்கள் ஜாடை காட்டியதும் அம்மா எழுந்து வெளியே போவார். கதவு மூடும். கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவார். அதற்குள் குழந்தை என்ன செய்கிறது, அம்மா வந்ததும் என்ன செய்கிறது என்பதுதான் எங்களுக்கு வேண்டியது.

கேட்டால் அற்பமாகத் தெரியும். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு குழந்தை தன் வாழ்க்கை வரலாற்றையே சொல்லிவிடும். பார்க்கத் தெரிந்தால் போதும்.

எனக்குப் பார்க்கத் தெரியும் என்றுதான் அன்று காலைவரை நினைத்திருந்தேன்.

*

ஆணையத்தின் கூடம் நீளமானது. தலைவி ஓய்வு பெற்ற நீதிபதி. கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்துக்கொண்டு அதன் மேல்வழியாகத்தான் மனிதர்களைப் பார்ப்பார். அவருக்கு வலது பக்கம் எங்கள் துறையின் இயக்குநர். ஆறு மாத விதியைப் பல ஆண்டுகளுக்கு முன் எழுதியவர் அவர்தான். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சொல்ல முடிந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் கீழ்மட்டத்தில் வேலை பார்த்த காலத்தில், இரண்டு வீட்டுக்கும் நடுவே இழுபட்ட குழந்தைகளைக் கண்ணால் பார்த்தவர். அந்தப் பயத்தில் எழுதிய விதி அது.

நான் படபடவென்று ஆரம்பித்தேன். சந்தோஷம் வந்தால் எனக்குப் பேச்சு ஓட்டமாகிவிடும்.

"மேடம், பழைய விதிப்படி வந்த குழந்தைகள்ல பெரும்பாலானவங்க, அம்மா வெளியே போனா அழறதில்ல. கட்டையை எடுத்து அடுக்கிக்கிட்டே இருக்காங்க. அம்மா திரும்பி வந்தாலும் நிமிர்ந்து பார்க்கறதில்ல. வளர்த்தவங்க வந்து பார்த்துட்டுப் போற குழந்தைகள் அப்படி இல்ல. அம்மா கதவைச் சாத்தினதும் ஊரையே கூட்டுதுங்க. அம்மா வந்ததும் மடியில ஏறி, உடனே அடங்கிடுதுங்க."

"அழறது நல்லதுன்னு சொல்றீங்களா?"

"ஆமா மேடம்! ஒருத்தர் போனதுக்கு அழணும்னா, முதல்ல அந்த ஒருத்தர் நமக்கு வேணுமே!"

தலைவி எதையோ குறித்துக்கொண்டார். எனக்குள் மத்தாப்பு கொளுத்தியது போல இருந்தது. முடிந்தது, ஜெயித்தாயிற்று என்று நினைத்தேன்.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "டாக்டர், ஒரு சின்னக் கேள்வி. அந்தக் குழந்தைகள் யாருக்காக அழுதாங்க?"

"புது அம்மாவுக்காக, சார்."

"எப்படித் தெரியும்? வாரா வாரம் பழைய ஆள் வந்து மூஞ்சியைக் காட்டிட்டுப் போறாங்க. ஆறப்போற புண்ணை வாரா வாரம் கீறி விடறோம். தனியா விட்டதும் குழந்தைக்கு அந்தப் பழைய ஆள் ஞாபகம் வருது, அழுது. ஏன், அப்படி இருக்கக் கூடாதா?"

"புது அம்மா தூக்கினதும் அடங்கிடுதே சார்."

"இரண்டு வயசுக் குழந்தை. நான் தூக்கினாலும் அடங்கும்."

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. எரிச்சல் அவர் மேல் இல்லை. அது நல்ல கேள்வி. இரண்டு வருஷமாக என் தலைக்குள் வந்திருக்க வேண்டிய கேள்வி, வரவே இல்லை.

"ஒரு வீடியோ போடுங்க, பார்க்கலாம்" என்றார் தலைவி.

போட்டேன். திரையில் ஒரு குழந்தை கதவருகே நின்று வாயைப் பிளந்து அழுதது. முகம் சிவந்திருந்தது, கை கதவைத் தட்டியது, உதடு அசைந்தது. கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

"உங்க மெஷின்ல சத்தம் வரலையே?"

"நாங்க சத்தத்தை நிறுத்தித்தான் பார்ப்போம் மேடம்."

"ஏன்?"

விளக்கினேன். வீடியோவைப் பார்த்து மதிப்பெண் போடுகிறவர்களுக்குக் குழந்தை எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று தெரியக் கூடாது. தெரிந்தால் மனசு தனக்குப் பிடித்த பக்கம் சாய்ந்துவிடும். விளையாடும்போது புது அம்மாக்கள் "நேத்து அத்தை வந்தாங்களே" என்று ஏதாவது சொல்லி வைப்பார்கள், குட்டு உடைந்துவிடும். அதனால் முதல் நாளிலிருந்தே ஒலியை அணைத்துவிட்டோம். மதிப்பெண் போட்டு முடித்த பிறகும் அதை யாரும் திறக்கவில்லை. பழக்கம் அப்படி ஆகிவிட்டது.

தலைவி கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "அந்தக் குழந்தை யாரையோ கூப்பிடுதும்மா. யாரைக் கூப்பிடுதுன்னுதான் அவர் கேக்கறார். பதில் உங்க கையிலதான் இருக்கு. நீங்க காதை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

நான் வீடியோவை நிறுத்தினேன். தலைவி தொடர்ந்தார்.

"இது எங்க கடைசி அமர்வு. சாயங்காலம் அறிக்கையில கையெழுத்துப் போட்டுடுவேன். மத்தியானம் மறுபடி கூடறோம். அதுக்குள்ள கேட்டுட்டு வந்து சொல்லுங்க. இல்லன்னா விதி இருக்கிறபடியே இருக்கட்டும்னு எழுத வேண்டியதுதான்."

*

ஓடினேன். நிஜமாகவே ஓடினேன். ஆராய்ச்சிப் பிரிவு இரண்டு தெரு தள்ளி. ஈரச் செருப்பு சளக் சளக் என்று அடிக்க, ஒரு பேருந்தை நிறுத்தி, ஒரு சைக்கிள்காரரிடம் திட்டு வாங்கி, மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி மூச்சிரைக்கப் போய் நின்றேன்.

அறையில் மூவரும் இருந்தார்கள். வீடியோ எடுப்பவரை நாங்கள் மியூட் என்று கூப்பிடுவோம், ஏனென்றால் எப்போதாவதுதான் பேசுவார். புள்ளிவிவரக்காரர் தசமம். அவரிடம் மணி கேட்டாலும் புள்ளி வைத்துத்தான் சொல்வார். மூன்றாவது ரோந்து அக்கா, களப்பணியாளர். எங்கள் ஆராய்ச்சியில் இருக்கும் எல்லா வீட்டு வாசலும் அவருக்கு அத்துப்படி.

"ஒலி இருக்கா? அழிச்சிட்டீங்களா?" என்று கத்தினேன்.

மியூட் நாற்காலியைத் திருப்பினார். "இரண்டு வருஷமா நல்ல மைக்கா வெச்சு எடுத்துக்கிட்டு இருக்கேன். இன்னைக்குத்தான் ஒருத்தர் கேக்கறீங்க."

அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. ஹெட்போனை எடுத்து மாட்டப் போனேன். தசமம் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"கேக்கறதுக்கு முன்னாடி எழுதணும்."

"என்னத்தை எழுதறது? மத்தியானத்துக்குள்ள முடிக்கணும், ஆளை விடுங்க!"

"என்ன வந்தா நாம ஜெயிச்சோம், என்ன வந்தா தோத்தோம். இப்பவே போர்டுல எழுதணும் டாக்டர். கேட்ட பிறகு எழுதினா, கேட்டதுக்கு ஏத்த மாதிரி எழுதிடுவீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?"

அவர் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. ஆனால் அவர் சொன்னது முழுக்கச் சரி. வெள்ளைப் பலகையில் எழுதினோம். வெளியே போன அம்மாவைக் கூப்பிட்டால் ஒரு பக்கம். பழைய வளர்ப்புத்தாயைக் கூப்பிட்டால் மறுபக்கம். யாரையும் கூப்பிடாவிட்டால் தனி. பிறகு தசமம் பேனாவை என்னிடம் நீட்டினார். "கடைசி வரியை நீங்களே எழுதுங்க."

எழுதினேன். 'வளர்த்தவர் வந்து போகும் குழந்தைகள் வளர்த்தவரையே அதிகம் கூப்பிட்டிருந்தால், இயக்குநர் சொன்னது சரி. அதை இன்றே கூடத்தில் நான் சொல்ல வேண்டும்.' அந்த வரியின் மறுமுனையில் நாத்தனார் பாதி வழியில் நின்ற சீப்போடு இருந்தார்.

யார் எதைச் செய்வது என்பதிலும் தகராறு. எந்தக் குழந்தை எந்தப் பக்கம் என்று தசமத்துக்குத் தெரியும், அதனால் அவர் கேட்கக் கூடாது. ரோந்து அக்காவுக்குக் குழந்தைகளின் குரலே தெரியும், அவரும் கூடாது. ஆகவே நானும் மியூட்டும் தனித்தனியாகக் கேட்டுக் காதில் விழுந்த சொல்லை மட்டும் தாளில் எழுத வேண்டும். இருவர் எழுதியதும் ஒத்துப்போனால்தான் செல்லும். அந்தச் சொல் அந்த வீட்டில் யாரைக் குறிக்கிறது என்று ரோந்து அக்கா சொல்வார். கடைசியில் தசமம் அதை உரிய பக்கத்தில் சேர்ப்பார். கதவு மூடியிருக்கும் நேரத்தை மட்டும்தான் கேட்பது, வேறு எதையும் தொடுவதில்லை.

"பேசாம நாலு பேரும் கண்ணைக் கட்டிக்கிட்டு ஓடிப்பிடிச்சு விளையாடலாம்" என்றார் ரோந்து அக்கா.

ஹெட்போனை மாட்டினேன்.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு வருஷமாக எனக்குத் தெரிந்த முகங்கள். யார் எப்போது உதட்டைப் பிதுக்குவார்கள், யார் கரடியின் காதைத் திருகுவார்கள் என்பதெல்லாம் மனப்பாடம். அவர்களுக்குக் குரல் இருக்கும் என்பது எனக்கு உறைத்ததே இல்லை. ஒரு பயல் கதவைப் பார்த்துக் கோபமாகக் கத்துகிறான் என்று மதிப்பெண் போட்டிருந்தோம். அவன் பாடிக்கொண்டிருந்தான். மற்றொருத்தி கரடியை மடியில் போட்டு, "அழாதே, இப்ப வந்துடுவா, இப்ப வந்துடுவா" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். தசமம் உடனே, "முகத்தை மாத்தாதீங்க, அவர் பார்க்கறார்" என்று மியூட்டுக்கும் எனக்கும் நடுவே ஒரு பெரிய அட்டையை நிறுத்தி வைத்தார்.

பிறகு வந்த ஒரு குழந்தையின் வீடியோவில் ஒன்றுமே கேட்கவில்லை. ஒலி போய்விட்டதென்று நினைத்துக் கையைத் தூக்கினேன். மியூட் வந்து பார்த்தார். ஒலியைக் கூட்டினார். கட்டைமேல் கட்டை வைக்கும் சத்தம். வெளியே நடைபாதையில் யாரோ போகும் சத்தம். குழந்தை மூச்சு விடுவதுகூடக் கேட்டது. குரல் மட்டும் இல்லை. சமர்த்தாக விளையாடுகிறான் என்று வந்தவர்களெல்லாம் மெச்சிய குழந்தை அவன். தாளில் 'யாரையும் இல்லை' என்று எழுதினேன். அடுத்ததைப் போடச் சொன்னேன்.

ம்மா. மாமீ. ம்மா. சித்தி. ம்மா, ம்மா, ம்மா. பெய்ம்மா. யாரையும் இல்லை. யாரையும் இல்லை. ஒருத்தி புது அம்மாவை அவர் பெயர் சொல்லியே கூப்பிட்டாள், அதுவும் புருஷன் கூப்பிடுகிற தோரணையில். யாரும் சாப்பிடவில்லை. ரோந்து அக்கா எங்கிருந்தோ டீ கொண்டுவந்து வைத்தார், அது ஆறி ஆடை கட்டியது.

எங்கள் தாள்களை ரோந்து அக்கா ஒப்பிட்டார். ஓரிரண்டைத் தவிர எல்லாம் ஒத்துப்போயிற்று. அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே விரலை வைத்து, "இது பழைய அம்மா. இது புதுசு. இதுவும் புதுசு. இந்த வீட்டுல மாமீன்னா வளர்த்தவங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். தசமம் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கூட்டினார். மறுபடி கூட்டினார். மூன்றாம் தடவையும் கூட்டத் தொடங்கியபோது நான் எழுந்து போய் அவர் நாற்காலியைப் பிடித்து உலுக்கினேன்.

"சொல்லித் தொலைங்களேன்!"

அவர் திரும்பினார். அந்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

"வளர்த்தவங்க வந்து போற குழந்தைகள்ல ரொம்பப் பேர் வெளியே போன அம்மாவைத்தான் கூப்பிட்டிருக்காங்க. சில பேர் பழையவங்களையும் கூப்பிட்டிருக்காங்க, அதை மறைக்கக் கூடாது. பழைய விதிக் குழந்தைகள்ல பாதிக்கு மேல யாரையுமே கூப்பிடல. கூப்பிட்ட கொஞ்சப் பேரும் கூப்பிட்டது பழைய அம்மாவை."

"அப்போ..."

"அப்போ ஓடுங்க."

"புள்ளிக்கு அப்புறம் எவ்வளவு?"

"இன்னைக்குப் புள்ளி வேணாம் டாக்டர். ஓடுங்க!"

நாங்கள் நால்வருமே ஓடினோம். மியூட் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். ரோந்து அக்கா முன்னால் ஓடி, தெருவைக் கடக்க வண்டிகளை நிறுத்தினார்.

*

கூடத்தில் நான் காலையில் பேசியது போலப் பேசவில்லை. கேட்டதைச் சொன்னேன். எதிராக வந்ததையும் சொன்னேன். பிறகு இரண்டு குழந்தைகளின் ஒலியை மட்டும், படம் இல்லாமல், போடச் சொன்னேன். முதலில் "ம்மா" என்று கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிடும் ஒரு குரல், கதவு திறக்கும் சத்தம், ஒரு விம்மல், அமைதி. இரண்டாவதில் கட்டைகள் மட்டும்.

இயக்குநர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பழைய அம்மாவைப் பார்க்கவே விடாத குழந்தைகள்தான் பழைய அம்மாவைத் தேடுதா?"

"ஆமா சார். அவங்க எங்கே போனாங்கன்னு அதுகளுக்கு இன்னும் தெரியலை. வந்து வந்து போனாத்தான், இவங்க போனாலும் வருவாங்கன்னு தெரியுது. அது தெரிஞ்ச பிறகுதான் இன்னொருத்தரை நம்பறதுக்குத் தைரியம் வருது."

அவர் தன் முன்னால் இருந்த காகிதங்களை அடுக்கி வைத்தார். "இன்னும் ஒரு வருஷம் பார்த்துட்டு முடிவு பண்ணலாமே" என்றார் கடைசியில். குரலில் சுரத்து இல்லை.

"தாராளமா பார்க்கலாம்" என்றார் தலைவி. "விதியை எடுத்துட்டுப் பார்க்கலாம்."

அறிக்கையில் அப்படியே எழுதினார். இயக்குநர் ஒன்று செய்தார், அதற்காக அவரை எனக்கு எப்போதும் பிடிக்கும். மேலிடத்து ஆணை வரும்வரை காத்திருக்காமல், இனி நடக்கும் ஒப்படைப்புகளுக்கு ஆறு மாத விதி கிடையாது என்று அன்று மாலையே சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் போகும்போது மியூட்டிடம், "அந்த இரண்டாவது பையன் இப்ப எப்படி இருக்கான்?" என்று கேட்டார். ரோந்து அக்கா அடுத்த நாளே போய்ப் பார்ப்பதாகச் சொன்னார்.

நடைபாதையிலிருந்தே நாத்தனாருக்குப் போன் போட்டேன். "அண்ணி! போச்சு! விதி போச்சு! வாரா வாரம் போய்ப் பார்க்கலாம்!"

அந்தப் பக்கம் ஒரு கூச்சல். அதைக் கேட்டு மேனேஜரும் காரணம் தெரியாமல் கூச்சல் போட்டாள். என்ன நடந்தது என்று நாத்தனார் கேட்க, வாய் ஓயாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கேமரா, ஹெட்போன், தசமத்தின் அட்டை, குழந்தைகள் யாரைக் கூப்பிட்டார்கள் என்பது வரை.

சிரித்துக்கொண்டே கேட்டவர், நடுவில் குறுக்கிட்டார்.

"இருடி. நான் போய்ப் போய்ப் பார்த்தேன்னா, இவ அவங்களை அம்மான்னு கூப்பிடுவா. அதுதானே?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நேரம் நான் வாங்கிக் கொடுத்தது எதை என்று. "ஆமா அண்ணி."

"போகலைன்னா என்னையே தேடிக்கிட்டு இருப்பா."

"ஆமா."

பின்னால் மேனேஜர் யாரையோ எழுந்து வேறு இடத்தில் உட்காரச் சொல்லும் சத்தம் கேட்டது. அநேகமாக என் வீட்டுக்காரராக இருக்கும்.

"சரி" என்றார் நாத்தனார். "வரும்போது அவளுக்கு ஒரு நல்ல பை வாங்கிட்டு வா. துணி வெக்கணும்."

*

ஒப்படைத்த பிறகு வாரம் தவறாமல் போனார். முதல் தடவை மேனேஜர் அவர் மடியை விட்டு இறங்கவே இல்லை. கிளம்பும்போது ரகளை. நாத்தனார் வீட்டுக்கு வந்து, உன் ஆராய்ச்சியில் இடி விழ என்று என்னை வாழ்த்தினார். அடுத்த தடவை ரகளை கொஞ்சம் குறைந்தது. அதற்கடுத்த தடவை மேனேஜர் தன் புது அறையைச் சுற்றிக் காட்டி, நாத்தனார் எங்கே உட்கார வேண்டும் என்று சொன்னாளாம்.

பிறகு ஒரு நாள் நானும் கூடப் போனேன். வேலையாகப் போகவில்லை, நாத்தனாருக்குத் துணையாகத்தான். வாசலில் வண்ணப் பூந்தொட்டிகள் வைத்த மாடி வீடு. புது அம்மா பயந்த சுபாவம். டீ கொடுக்கும்போது கூட நாத்தனாரிடம், "இவ தலையை நான் சரியாத்தானே சீவியிருக்கேன்?" என்று கேட்டார். நாத்தனார் வகிட்டைப் பார்த்துவிட்டு, "என்னைவிட நல்லா சீவியிருக்கீங்க" என்றார். அது பொய் என்று எனக்குத் தெரியும்.

கிளம்பினோம். மேனேஜர் கட்டைகளை அடுக்கிக்கொண்டே, தலையைத் தூக்கி, "த்தை, டாட்டா" என்றாள். அழவில்லை. நாத்தனார் சிரித்தபடி கையசைத்தார். எங்களை வழியனுப்ப அந்தப் பெண்ணும் கூடவே படியிறங்கி வந்தார். பின்னால் காற்றில் கதவு சாத்திக்கொண்டது.

நாங்கள் பாதிப் படியில் இருந்தபோது மேலே இருந்து குரல் வந்தது. கதவைத் தட்டித் தட்டி, தெருவுக்கே கேட்கும்படி, "ம்மா! ம்மா!" என்று.

அந்தப் பெண் இரண்டு படி ஏறி, சட்டென்று நின்று, நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தார். போகலாமா என்று அனுமதி கேட்பது போல முகம்.

"உங்களைத்தாம்மா கூப்பிடறா. போங்க" என்றார் நாத்தனார்.

அவர் ஓடினார். கதவு திறந்தது. அழுகை நின்றது. நாத்தனார் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு அங்கேயே நின்றார். கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. நான் தோளைத் தொட்டேன்.

"கேட்டியா?" என்றார்.

"கேட்டேன் அண்ணி."

"யாரைக் கூப்பிட்டான்னு எழுதிக்கோ." மூக்கை உறிஞ்சிக்கொண்டு படியிறங்கத் தொடங்கினார். கீழ்ப்படியில் கால் வைத்ததும் திரும்பினார். "உங்க ஆபீஸ்ல கேளுடி. அடுத்த குழந்தை எப்ப வருதாம்?"